வெளிநாட்டில் ராணுவப் பணி, முதல் கிறிஸ்துமஸ்: அன்றைக்கு போன் செய்யலாமா, கூடாதா?

தக்கலைக்காரி (டிசம்பர் 8, இரவு 9.40)

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நம் குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைய உண்டு என்பதால் இங்கே கேட்கிறேன்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் சிக்னல்ஸ் என்ற தகவல்தொடர்புப் பிரிவில் இருக்கிறார். எங்களுக்குத் திருமணமாகிப் பதினொரு வருடங்கள். அதில் ஐந்து கிறிஸ்துமஸுக்குத்தான் அவருக்கு லீவு கிடைத்தது. மற்றவை ஜம்மு, ஜோத்பூர் என்று கழிந்தன. அதெல்லாம் பழகிவிட்டது. இந்த முறை ஐ.நா. அமைதிப் படையோடு தெற்கு சூடானுக்குப் போயிருக்கிறார். நைல் ஆற்றங்கரையில் மலக்கால் என்ற ஊர். ஒரு வருடப் பணி.

போன வாரம் பேசும்போது, "இருபத்தைந்தாம் தேதி நீ கூப்பிட வேண்டாம், இருபத்தாறாம் தேதி நானே கூப்பிடுகிறேன்" என்றார். டியூட்டியா என்று கேட்டேன். டியூட்டி இல்லையாம். பிறகு ஏன் என்றேன். "வேண்டாம் என்றால் விடு" என்று போனை வைத்துவிட்டார். அவர் கோபக்காரர் அல்லர். இந்தப் பதினொரு வருடத்தில் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே மாமியார், "அவன் அங்கே கிடக்கும்போது நமக்கு என்ன பண்டிகை? இந்த வருடம் ஸ்டார் வேண்டாம், பலகாரமும் வேண்டாம்" என்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒன்பதும் ஐந்தும் வயது. அடுத்த வீட்டு ஸ்டாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சபையின் கேரல் குழு இருபத்திரண்டாம் தேதி இரவு எங்கள் வீட்டுக்கு வருகிறது. குலசேகரத்திலிருந்து அம்மா, பிள்ளைகளோடு அங்கே வந்துவிடு என்கிறாள்.

அன்றைக்கு நான் கூப்பிடலாமா, கூடாதா? அங்கே கிறிஸ்துமஸ் என்று ஏதாவது நடக்குமா, இல்லை தனியாகக் கட்டிலில் படுத்துக் கிடப்பாரா? பலகாரம் அனுப்பினால் போய்ச் சேருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல் கரை (டிசம்பர் 8, இரவு 10.15)

சகோதரி, கூப்பிட வேண்டாம் என்று சொன்னால் கூப்பிடாதீர்கள். வளைகுடாவில் விசைப்படகில் எட்டு வருடம் இருந்தவன் நான். பண்டிகை நாளில் வீட்டுக் குரலைக் கேட்டுவிட்டால் அன்று வலை இழுக்க முடியாது. அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்வார்கள். இருபத்தாறாம் தேதி வரை பொறுங்கள்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், மார்த்தாண்டம் (டிசம்பர் 9, காலை 6.05)

மகளே,

உன் பதிவை நேற்று இரவே படித்தேன். உடனே எழுத முடியவில்லை. நான் இ.எம்.இ. என்ற பழுதுபார்க்கும் பிரிவில் வண்டி மெக்கானிக். 2007 கிறிஸ்துமஸ் எனக்குத் தெற்கு லெபனானில். 1998 முதல் நம் பட்டாலியன் ஒன்று அங்கே ஐ.நா. படையில் இருந்து வருகிறது. முகாம் இபெல் அஸ்-சாக்கி என்ற மலையூரில். உன் வீட்டுக்காரர் சொன்னதை நானும் என் வீட்டில் சொன்னேன், ஏறக்குறைய அதே வார்த்தைகளில். ஆகவே அவர் மனதில் ஓடுவது என்னவென்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் ஒரு மத்தியானம் வீட்டுக்கு போன் செய்தேன். மனைவி பேசிக்கொண்டே அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். அச்சை எண்ணெயில் முக்கும்போது வருகிற அந்தச் சத்தம் போனில் கேட்டது. அக்கா யாரிடமோ, "மாவில் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விடு" என்று சொன்னாள். நான் அதிகம் பேசாமல் வைத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஒரு ரோந்து வண்டிக்குச் சக்கரம் மாற்ற வேண்டியிருந்தது. நான்கு சக்கரத்தையும் போட்டு முடித்து, ஜாக்கியை இறக்கிய பிறகு நிற்கிறேன், இரண்டாவது சக்கரத்தின் நட்டுகளை முறுக்கினேனா இல்லையா என்பது நினைவில் இல்லை. இருபது வருடச் சர்வீஸில் அப்படி நடந்ததே கிடையாது. எல்லா நட்டையும் ஒன்று விடாமல் மறுபடி முறுக்கினேன். உடம்பெல்லாம் வியர்வை, வெளியே மழைக் குளிர். அன்று இரவுதான் மனைவியிடம் சொன்னேன், இருபத்தைந்தாம் தேதி என்னைக் கூப்பிடாதே என்று. காரணம் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது? நீ முறுக்கு சுட்டாய், எனக்குக் கை தவறியது என்றா?

உன் வீட்டுக்காரர் சிக்னல்ஸ். அவர் கையிலும் பிறர் உயிர் இருக்கிறது. உன்மேல் ஒரு வருத்தமும் இருக்காது, சாப்பிடு.

இனி அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனை அதிகாலை ஐந்து மணிக்கு. லெபனான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், ஆகவே அங்கே இரவு ஒன்றரை. (உங்கள் தெற்கு சூடானும் இப்போது அதே கணக்குதான்.) ஒன்றரைக்கு எழுந்து உட்கார்ந்தேன். இப்போது மணி அடித்திருப்பார்கள், இப்போது பாட்டுக்குழு எழுந்திருக்கும், இப்போது காணிக்கை என்று மனதிலேயே முழு ஆராதனையும் நடத்தி முடித்துவிட்டுப் படுத்தேன்.

விடிந்ததும் மழை விட்டிருந்தது. எதிரே எர்மோன் மலை, உச்சி முழுக்கப் பனி. நூற்று முப்பத்து மூன்றாம் சங்கீதத்தில் எர்மோனின் பனியைப் பற்றி வருமே, அதே மலைதான். ஓய்வுநாள் பள்ளியில் படித்த காலத்தில் அது பரலோகத்தில் எங்கோ இருக்கிற மலை என்று நினைத்திருந்தேன். நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், அது எதிரே நிற்கிறது.

எங்கள் முகாமில் கிறிஸ்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். என்னையும் ஒரு பாறசாலைக்கார டிரைவரையும் தவிர மற்றவர்கள் மிசோரம், நாகாலாந்துப் பிள்ளைகள். பாதிரியார் கிடையாது. பட்டாளத்தில் சர்வ தர்ம ஸ்தல் என்று எல்லா மதத்தாருக்குமான ஒரு கூடம் உண்டு, உனக்குத் தெரிந்திருக்கும். யூனிட்டின் பண்டிட்ஜி முந்தின இரவே அதில் ஒரு பகுதியைக் கூட்டித் துடைத்து, மேசை போட்டு, துவைத்த வெள்ளை விரிப்பு விரித்து வைத்திருந்தார். நாங்கள் போனபோது வாசலில் நின்று, "இன்னும் என்ன வேண்டும், சொல்லுங்கள்" என்று இந்தியில் கேட்டார். மெழுகுவர்த்தி மட்டும் இல்லை என்றோம். அவரே போய் எடுத்து வந்தார். அந்த மனிதரை நினைக்காமல் எனக்கு இன்றுவரை ஒரு கிறிஸ்துமஸும் போனதில்லை. மிசோ பிள்ளைகள் நான்கு குரலில் பாடினார்கள். நாங்கள் இருவரும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே ராகத்தில் பாடினோம்.

மத்தியானம் படாகானா, யூனிட்டின் பெரிய விருந்து. தீபாவளிக்கும் குருபூரப்புக்கும் போலவே கமாண்டிங் ஆபீசர் கரண்டி பிடித்து எங்களுக்குப் பரிமாறினார். உன் வீட்டுக்காரருக்கும் இது நடக்கும். பட்டாளத்தில் பண்டிகை நாளில் யாரையும் கட்டிலில் படுத்துக் கிடக்க விடமாட்டார்கள், கவலைப்படாதே.

அதற்கு முந்தின நாள் ஒரு பழுதுபட்ட வண்டி விஷயமாக மார்ஜயூன் பக்கத்தில் இருந்த ஸ்பெயின் நாட்டுப் படை முகாமுக்குப் போயிருந்தோம். அவர்கள் வாசலிலேயே குடில் கட்டியிருந்தார்கள், நம் புல்கூடு போலத்தான். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பெலென்'. பெத்லகேமுக்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். அந்த ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி கியாம் அருகே நடந்த குண்டுவெடிப்பில் அவர்களோடு இருந்த ஆறு பேர் இறந்திருந்தார்கள். அவர்கள் அதைப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாறசாலைக்காரர் லீவு முடிந்து வரும்போது என் வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தார். ஒரு பொட்டலம் கொடுத்தோம். அந்த மெக்கானிக் பையன் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இறைச்சியா என்று சைகையில் கேட்டான். சிறுபயறும் கருப்பட்டியும் என்று எந்தச் சைகையில் சொல்வது? கடித்துப் பார்க்கச் சொன்னேன். தின்றுவிட்டு இரண்டாவதை எடுத்தான். பதிலுக்குத் துரோன் என்று ஒரு பலகாரம் கொடுத்தான். வாதுமைப் பருப்பைத் தேனில் இறுக்கிச் செய்தது, நம் கடலைமிட்டாயின் தூரத்துச் சொந்தம்.

இருபத்தைந்தாம் தேதி மூன்று மணிக்கு, முகாம் வாசலுக்கு எதிர்வீட்டில் இருந்த ஒரு பாட்டி தட்டு நிறையச் சிறு கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மிலாத் மஜீத்" என்றாள். அவர்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அது. கிண்ணத்தில் பழுப்பு நிறக் கூழ், மேலே பாதாமும் அக்ரூட்டும் தேங்காய்த் துருவலும். அரிசிமாவில் பட்டையும் சீமைச்சோம்பும் போட்டுக் காய்ச்சுவது, பெயர் மெக்லி. குழந்தை பிறந்த வீட்டில் வருகிறவர்களுக்கு அதைக் கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். கிறிஸ்துமஸுக்கும் அதையே காய்ச்சுகிறார்கள், அன்று பிறந்ததும் குழந்தைதானே. பாட்டிக்கு இந்தி தெரியாது, எங்களுக்கு அரபி தெரியாது. இரண்டு கையையும் தொட்டில் போல் வைத்து ஆட்டிக் காட்டினாள். ஒரு வாய் வைத்தேன். என் மூத்தவன் பிறந்தபோது என் அம்மா பேறுகால மருந்து கிண்டிய உருளியின் வாசனை அப்படியே வந்தது.

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. கூப்பிடாதே என்று சொன்னவன் நானே ஓடிப்போய் போன் செய்தேன்.

மூன்றரை மணி, நம் ஊரில் இரவு ஏழு. மனைவி எடுத்தாள். எப்படி இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று ஒரு கேள்வி இல்லை. எடுத்ததும், "ஸ்டார் எரியவில்லை. பல்பு மாற்றியாயிற்று, அப்போதும் எரியவில்லை. என்ன செய்ய?" என்றாள். எங்கள் வீட்டில் ஸ்டார் கட்டுவது எப்போதும் நான்தான். முற்றத்து அயனி மரத்தில் உயரமாகக் கட்டுவேன், மெயின் ரோட்டிலிருந்து தெரியும். நான் சொன்னேன்: முதலில் சுவிட்சை அணை, பிளக்கைப் பிடுங்கு. ஹோல்டருக்குள் இரண்டு பின் இருக்கும், ஒன்று உள்ளே சிக்கி நிற்கும். டெஸ்டர் முனையால் மெல்லத் தட்டினால் வெளியே குதிக்கும். அவள் அதைத் திருப்பிச் சொல்ல, மச்சான் ஏணிமேல் நின்று செய்ய, மூத்தவன் கீழே டார்ச் அடிக்க, எந்தப் பின், இடதா வலதா என்று இருபது நிமிடம் போயிற்று. பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு கூச்சல் போட்டார்கள். எரிந்துவிட்டது. போன் கார்டில் காசு தீர்ந்து இணைப்பும் போயிற்று.

வந்து பாட்டியின் கிண்ணத்தில் மீதி இருந்ததைத் தின்று முடித்தேன். ஆறு மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் ஒரு வேலை. கை ஒழுங்காக ஓடியது.

முறுக்கின் சத்தம் என்னைக் கலைத்தது, ஸ்டார் பேச்சு என்னை நிமிர்த்தியது. இரண்டும் வீட்டுச் சங்கதிதான். முதலாவதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, இரண்டாவதில் இருந்தது. பல நாள் யோசித்து எனக்குத் தோன்றியது இதுதான்.

ஆகவே, நீ கூப்பிடாதே. அவர் சொன்ன சொல்லை மதி. ஆனால் அன்று மாலை போனைப் பக்கத்தில் வைத்துக்கொள், குலசேகரத்துக்குப் போனாலும் சரி. அதற்கு முன்பே அவரிடம் ஏதாவது ஒரு வீட்டு வேலையைக் கேள். உண்மையாகவே தெரியாததைக் கேள், நடிக்காதே, கண்டுபிடித்துவிடுவார். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்: ஸ்டார் கட்டட்டும். தன்னால் வீடு இருட்டாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பாரம் வேறு இல்லை.

பலகாரம்: 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத் தபால் வழியாக இனி அனுப்பினால் பண்டிகைக்குப் போய்ச் சேராது. யூனிட்டில் லீவு முடிந்து திரும்புகிறவர் யாராவது உண்டா என்று விசாரி. முந்திரிக்கொத்து என்றால் தேங்காயை ஈரம் போகச் சிவக்க வறுத்துப் போடு, கருப்பட்டிப் பாகைக் கொஞ்சம் முற்றவிடு. கெடாது.

அரிஃப்ஜான் சமையல்கூடம் (டிசம்பர் 9, மதியம் 1.20)

ஹவில்தார் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு இதையும் சொல்லத் தோன்றுகிறது. நான் பட்டாளத்துக்காரன் அல்லன். கருங்கல் பக்கம் ஊர். குவைத்தில் அமெரிக்கப் படையின் அரிஃப்ஜான் முகாமில் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் கீழ் உணவுக்கூடத்தில் நான்கு வருடம் வேலை செய்தேன்.

2011 டிசம்பர் 18 அன்று இராக்கிலிருந்து அவர்களுடைய கடைசி வண்டி வரிசை குவைத்துக்குள் வந்தது. அந்த வாரம் கூடம் நிரம்பி வழிந்தது. கிறிஸ்துமஸ் அன்று அவர்களிலும் ஆபீசர்கள்தான் சிவப்புத் தொப்பி வைத்துக்கொண்டு சிப்பாய்களுக்கு வான்கோழி பரிமாறினார்கள். சுவர் முழுக்க அவர்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அனுப்பிய அட்டைகள். முகம் தெரியாத சிப்பாய்க்குக் கிரேயானில் எழுதிய கடிதங்கள். சாப்பிட்டு முடித்த பல பேர் அந்தச் சுவரருகே போய் ஒன்றொன்றாக நின்று படிப்பார்கள். இருபது வயதுகூட இருக்காது சிலருக்கு. நான் தட்டுகளை எடுக்கும்போது கவனிப்பேன், வீட்டுக்கு போன் பேசிவிட்டு வருகிறவர்களின் தட்டில் மீதி அதிகம் இருக்கும்.

எங்களுக்கு அன்று பதினான்கு மணி நேர வேலை. எங்கள் நிறுவனம் ஒரு மணி நேரம்கூட ஓய்வு தரவில்லை, அந்த வருத்தம் இன்றும் உண்டு. இரவு பதினொன்றரைக்கு அறைக்கு வந்து நம் ஊர்க்காரர்கள் ஆறு பேர் மீன்குழம்பு வைத்து ஜெபம் பண்ணிச் சாப்பிட்டோம். அக்கா, உங்கள் வீட்டுக்காரர் இருக்கிற முகாமிலும் சமையல், துப்புரவு என்று யாராவது அன்று வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு முந்திரிக்கொத்து கொடுக்கச் சொல்லுங்கள்.

பட்டாளத்தான் மகள் (டிசம்பர் 9, மாலை 4.50)

ஒன்றே ஒன்று. பிள்ளைகளை போன் முன்னால் நிறுத்தி, "அப்பாவுக்குப் பாட்டுப் பாடு, வசனம் சொல்லு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். என்னை அப்படி நிறுத்தினார்கள். பாதிப் பாட்டில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தப்பாகப் பாடியதால்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேர்க்கிளம்பி ஆசிரியர் (டிசம்பர் 9, இரவு 8.30)

தக்கலையில்தானே இருக்கிறீர்கள்? விடுமுறையில் பிள்ளைகளை உதயகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போங்கள், புலியூர்க்குறிச்சியில் பக்கத்திலேயே இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர் டிலனாய், பிறகு இதே திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியாகி 1777-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். கோட்டைக்குள் கூரை இல்லாத சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கும். எண்ணிப் பார்த்தால் முப்பத்தாறு கிறிஸ்துமஸ், தன் ஊரை விட்டு நம் ஊரில். உங்கள் மூத்த பிள்ளைக்கு ஒன்பது வயது என்றால் அந்தத் தமிழ் எழுத்துகளைத் தடவிப் பார்க்கப் பிடிக்கும்.

தக்கலைக்காரி (டிசம்பர் 12, இரவு 10.05)

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். சக்கரத்து நட்டு வரும் இடத்தில் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்கள். நான் தனியாகவே வாசித்து முடித்தேன்.

நேற்று அவர் கூப்பிட்டார். இருபத்தைந்தாம் தேதியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. முகாமை ஒட்டியே வீடிழந்த மக்கள் தங்கியிருக்கும் இடம் இருக்கிறதாம், அங்கே கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இப்போதே மேளம் அடித்துப் பழகுகிறார்களாம். "கேட்கிறதா?" என்று போனை வெளியே நீட்டினார். கேட்டது. நம் ராணுவத்தின் கால்நடை மருத்துவர்கள் அந்த ஊர்க்காரர்களின் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் பழையபடி இருந்தது.

அப்போது கேட்டேன். நடிப்பில்லை, எனக்கு உண்மையாகவே தெரியாது. "ஸ்டாருக்கு உள்ள ஒயரும் ஹோல்டரும் எங்கே வைத்தீர்கள்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பரண்மேல், பெரிய அண்டாவுக்குள், பழைய கொசுவலையில் சுற்றி வைத்திருக்கிறேன். வெள்ளை ஒயரை எடு. கறுப்பு ஒயரை எலி கடித்திருக்கிறது, தொடாதே. நீ ஏறாதே, தம்பியை வரச் சொல்" என்றார். தம்பி வருவதற்குள் மாமியார் பின்கட்டிலிருந்து ஏணியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.